பட்டறைப் பக்கம்: முதல் தடவை என்ஜின் பிரிப்பவர்களுக்கு

மழை விட்டதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நிறைய ஒரே ரகம்: "பழைய வண்டி ஒன்று வீட்டில் நிற்கிறது, நானே என்ஜினைப் பிரித்துக் கட்டலாமா?" கட்டலாம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல். புகை அதிகம், பிக்கப் சுத்தமாக இல்லை, மேம்பாலம் ஏறவே திணறுகிறது. சனி, ஞாயிறுதான் எனக்கு நேரம். முழு என்ஜினையும் வீட்டிலேயே பிரித்துச் செய்ய ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: சைலன்சரிலிருந்து. கேலி இல்லை. டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிக்கப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரி. சைலன்சரின் பின்பக்க ஸ்குரூவைக் கழற்றி உள்குழாயை வெளியே இழுங்கள். துளைகள் தார் பூசியதுபோல் அடைத்திருந்தால் என்ஜினை ஏன் பிரிக்க வேண்டும்? அடுத்து பெண்ட் பைப்பைக் கழற்றி, பிளாக்கின் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) எக்ஸாஸ்ட் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கும் கரி ஏறியிருக்கும். கிக்கரை மெல்ல அமுக்கி, பிஸ்டன் வந்து அந்த வாயை மூடும்படி நிறுத்திவிட்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள். அப்போதுதான் கரி உள்ளே விழாது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் பிஸ்டனில் கோடு விழும்.

புகையைப் பிறகு பாருங்கள். கெட்டியான வெள்ளைப் புகை, கூடவே கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வருகிறது என்றால், வலது பக்க கிராங்க் (பிஸ்டன் சுற்றும் தண்டு) ஆயில் சீல் போய், கிளட்ச் பக்கத்து ஆயிலை என்ஜின் குடிக்கிறது. கியர் ஆயில் குறையாமல் நீலப் புகை மட்டும் வந்தால் ஆயில் பம்ப் செட்டிங்கில் கோளாறு இருக்கலாம். இரண்டுமே பிஸ்டன் ரிங் மாற்றினால் தீராத வியாதிகள். ரிங் மாற்றியும் புகை நிற்கவில்லை என்று வரும் கடிதங்களுக்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான்.

இவ்வளவும் பார்த்தபின்னும் கம்ப்ரஷன் இல்லை என்றால் மேல்பாகத்தைத் திறக்கலாம். ஹெட், பிளாக், பிஸ்டன், ரிங், இவ்வளவுதான். என்ஜினை சேஸிலிருந்து இறக்கவே வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிளாக்கைத் தூக்கும்போது அடிவிளிம்பு ஸ்டட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, கனெக்டிங் ராடைச் சுற்றி கிராங்க் கேஸ் (கிராங்க் இருக்கும் கூடு) வாயில் சுத்தமான பனியன் துணியைத் திணித்துவிடுங்கள். உடைந்த ரிங் துண்டோ, பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்கிளிப்போ உள்ளே விழுந்துவிட்டால் அரை நாள் வேலை அரை மாத வேலையாகிவிடும்.

கீழ்ப்பாகத்தைப் பிரிக்க வேண்டுமா என்பதை ராடே சொல்லிவிடும். பிஸ்டனைக் கழற்றியபின் ராடை இரண்டு விரலால் பிடித்து நேர் மேலும் கீழுமாக ஆட்டுங்கள். துளியாவது "டக்" என்று தட்டினால் பிக் எண்ட் (ராடின் அடிமுனை பேரிங்) போய்விட்டது. பக்கவாட்டில் ஆடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. ராடின் மேல் முனையை இடம் வலமாகச் சாய்த்தால் 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பிறகு மேக்னட்டை (கிராங்க் முனையில் இருக்கும் காந்தச் சக்கரம்) கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடும் உணர்வு வந்தால் பேரிங். இரண்டும் நன்றாக இருந்தால் கீழே கை வைக்காதீர்கள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிடும் ஆசைதான் முதல் தடவைக்காரர்களின் பர்ஸைக் காலி செய்வது.

கருவி விஷயம். 10, 12, 14, 17 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), சர்க்கிளிப் பிளையர், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), ரப்பர் சுத்தி, ஒரு இம்பாக்ட் டிரைவர் (சுத்தியால் அடித்தால் திருகும் டிரைவர்). கீழே போவதானால் மேக்னட் புல்லர். மேக்னட்டை சுத்தியால் தட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு, செய்யாமல் வந்துவிடுங்கள். இதில் எதையாவது மலிவாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்பேனரை வாங்குங்கள், டார்க் ரெஞ்சை வேண்டாம்.

ஒரு பழைய அட்டைப் பெட்டியில் கிளட்ச் கவரின் உருவத்தை வரைந்து, ஸ்குரூ வருகிற இடத்தில் எல்லாம் ஓட்டை போட்டு, கழற்றும் ஸ்குரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். நீள ஸ்குரூ குட்டை ஓட்டைக்குப் போய் அடியில் முட்டினால் கவர் இறுகியதுபோலத் தோன்றும், உண்மையில் இறுகியிருக்காது. இன்னும் ஒரு திருப்பு கொடுப்பீர்கள், மரை பிய்ந்துவிடும்.

கேள்வி: என் ஆர்எக்ஸ் பிளாக்கைப் பார்த்ததுமே லேத்துக்காரர் "50 போர் போட்டுடலாம்" என்கிறார். அளந்துகூடப் பார்க்கவில்லை. நம்பலாமா?
வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அவர் அனுபவஸ்தராக இருக்கலாம், 50 போர், அதாவது சிலிண்டர் துளையை 0.50 மி.மீ. பெரிதாக வெட்டுவதுதான் தேவை என்றும் இருக்கலாம். ஆனாலும் அளக்காமல் வெட்ட விடாதீர்கள். ஆர்எக்ஸ் 100இன் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நாலே படிதான். கடையில் 25, 50, 75, 100 என்பார்கள். ஒரு படியை வீணாகத் தாண்டினால் வண்டியின் ஆயுளில் ஒரு பங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. நாலும் முடிந்தால் ஸ்லீவ் (புது உள்குழாய்) அடிக்க வேண்டும்.

போர் கேஜால் ஆறு அளவு எடுக்கச் சொல்லுங்கள்: மேலே, நடுவில், கீழே என்று மூன்று உயரம். ஒவ்வொன்றிலும் முன்பின்னாக ஒன்று, இடம்வலமாக ஒன்று. தேய்மானம் அதிகம் இருப்பது மேல் ரிங் நின்று திரும்புகிற இடத்தில், அதிலும் முன்பின் திசையில். பிஸ்டன் அங்கே ஒரு கணம் நிற்கும்போது ஆயில் படலம் அறுந்துபோகும், அதே நேரத்தில் எரிந்த வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்தும். ஆறு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கிற லேத் உங்களுக்கு வேண்டாம். கடலூரிலும் பாண்டியிலும் நல்ல லேத்துகள் இருக்கின்றன, ஒரு பஸ் டிக்கெட் செலவுதான்.

வரிசை முக்கியம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை பிளாக்கோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிஸ்டன் டப்பாவில் 50 என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனும் மைக்ரோமீட்டரில் ஒரு நூலிழை வேறுபடும். பின் ஓட்டைக்குக் குறுக்குத் திசையில், பாவாடையின் (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) அடிப்பக்கத்தில் பிஸ்டனை அளந்து, பிஸ்டன் கம்பெனி சீட்டில் சொல்லியிருக்கும் இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்குத்தான் போர் வெட்ட வேண்டும்.

போர் ஆகி வந்ததும் விரலை உள்ளே விட்டு போர்ட் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். கத்திமுனை மாதிரி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். டூ ஸ்ட்ரோக் பிளாக்கில் எக்ஸாஸ்ட், டிரான்ஸ்ஃபர் வாய்கள் எல்லாம் ரிங் ஏறி இறங்கும் வழியிலேயே இருக்கின்றன. போர் வெட்டியதும் அவற்றின் விளிம்பு கூர்மையாகிவிடும். அதை மழுக்கி அரை மி.மீ. அளவுக்குச் சாய்வு கொடுக்காவிட்டால், ரிங் வெளியே துருத்தும்போது அந்த விளிம்பில் மாட்டி முறியும். ஃபோர் ஸ்ட்ரோக் வேலையே அதிகம் செய்கிற லேத்தில் இது மறந்துபோவது சகஜம்.

கடைசியாகக் கழுவல். ஹோனிங் (கல்லால் தேய்த்து முடிப்பது) செய்த போரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். ஆயில் தங்குவதற்காகப் போட்டவை. ஹோனிங் கல்லின் பொடியும் அந்தக் கோடுகளுக்குள்தான் தங்கியிருக்கும். பெட்ரோலோ டீசலோ அதை எடுக்காது, வழித்துவிட்டுப் போகும். துணிப் பவுடர் கரைத்த வெந்நீர், பாட்டில் கழுவும் பிரஷ், பத்து நிமிடத் தேய்ப்பு. பிறகு வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும். சுத்தமானதும் அந்த நொடியே டூ-டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) பூசிவிடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈர இரும்பு டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்மண் நிறமாகிவிடும்.

ரிங் இடைவெளியை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ரிங்கை மட்டும் போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் ஓர் அங்குலம் கீழே தள்ளினால் நேராக உட்காரும். இரு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள். 50 மி.மீ. போருக்கு 0.20 மி.மீ.யை ஒட்டி இருந்தால் சரி. அதைவிடக் கம்மியாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு போரைக் கீறும். மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும் சமமாகத் தேயுங்கள்.

கேள்வி: வீடு கடலோரம். கிளட்ச் கவர் ஸ்குரூ ஒன்றுகூட அசையவில்லை, இரண்டின் தலை வழுக்கிவிட்டது.
வாசகர், வீராம்பட்டினம்

பதில்: உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தின்று பூத்துப்போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்குரூ தலையைச் சுற்றி வெள்ளை மாவு தெரிகிறது பாருங்கள், அதுதான். துரு இளக்கும் ஸ்பிரேயை இரவில் அடித்து விட்டுவிடுங்கள், காலையில் இன்னொரு தடவை. பிறகு இம்பாக்ட் டிரைவர்: தலையில் நன்றாகப் பொருந்தும் பிட் போட்டு, கழற்றும் திசைக்கு முறுக்கிப் பிடித்து, கனமான சுத்தியால் ஒரே அடி. சின்னச் சின்ன அடி பத்து அடித்தால் தலைதான் போகும். வழுக்கிய இரண்டுக்கும் தலையை டிரில் போட்டு எடுத்துவிடுங்கள். கவர் கழன்றதும் மிச்சமிருக்கும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதைக் கிரிப் பிளையரால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் சுலபமாக வந்துவிடும். தலையின் இறுக்கம் போனதுமே பாதிப் பிடி விட்டிருக்கும்.

திரும்பப் போடும்போது ஆலன் போல்ட் போடலாம். ஸ்டெயின்லெஸ் போட்டால் துருப்பிடிக்காது என்று நினைத்து உலர்வாகப் போட்டுவிடாதீர்கள், அலுமினியத்தோடு சேர்ந்தால் உப்புக் காற்றில் பூப்பது அதுவும்தான். மரையில் ஒரு துளி காப்பர் கிரீஸ். 10 நம்பர் ஸ்பேனர் போடுகிற போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். மரை போன ஓட்டைக்கு ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போடுங்கள். ஒரு சைஸ் பெரிய போல்ட்டை முறுக்கி ஏற்றுவது கவரை விரிசல் விட வைக்கும்.

கேள்வி: 1986 புல்லட் 350. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே தெரியாத அளவுக்குப் புகை. ஏதோ தட்டும் சத்தமும் வருகிறது. மெக்கானிக் "ஃபுல் என்ஜின் ஒர்க்" என்கிறார். நானே பிரிக்கலாமா?
வாசகர், வில்லியனூர்

பதில்: வண்டி எத்தனை நாள் நின்றபிறகு புகை வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு ஒட்டியே இருக்கிறது. பம்ப் சற்றுத் தேய்ந்திருந்தால், வாரக்கணக்கில் நிற்கும்போது ஆயில் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கி நிற்கும். ஸ்டார்ட் ஆனதும் அது எரிந்து ஐந்து நிமிடம் புகைந்துவிட்டு அடங்கிவிடும். உங்கள் வண்டியில் இப்படித்தான் என்றால் ரிங் மேல் பழி போடாதீர்கள். பிரீதர் குழாய் (என்ஜின் உள்காற்றை வெளிவிடுவது) அடைத்திருந்தாலும் ஆயில் கண்ட இடத்தில் வழியும், புகையும் வரும். அதைச் சுத்தம் செய்ய ஒரு டம்ளர் டீசல் போதும்.

ஓடிச் சூடானபின்னும் புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள். ஓர் அளவு எடுத்தபின் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். இரண்டாவது அளவு நன்றாக ஏறினால் ரிங், போர். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங் (ஹெட் அடியில் கசிவைத் தடுக்கும் தகடு).

சத்தத்துக்கும் சாதி உண்டு. குளிர்ந்த என்ஜினில் "கடகட" என்று தட்டி, சூடாக ஆக அடங்கினால் பிஸ்டன். லோடு ஏற்றும்போது ஆழத்திலிருந்து "டொக் டொக்" என்று வந்து, சூடேறச் சூடேற அதிகமானால் பிக் எண்ட். அப்போது ஓட்டாதீர்கள். சன்னமான "டிக் டிக்" டேப்பட் (வால்வைத் தூக்கும் பாகம்).

வால்வு வேலை வீட்டில் தாராளமாகச் செய்யலாம். முதலில் கரகரப்பான பேஸ்ட், பிறகு நைஸ் பேஸ்ட், ரப்பர் உறிஞ்சி மாட்டிய குச்சி. தயிர் கடைகிற மாதிரி இரண்டு பக்கமும் உருட்டி, அவ்வப்போது தூக்கிக் கால் வட்டம் மாற்றி வையுங்கள். சீட்டிலும் வால்விலும் எங்கும் அறுபடாத சாம்பல் நிற வளையம் ஒன்று விழ வேண்டும், அகலம் ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. பேஸ்ட்டை ஒரு பொட்டு விடாமல் துடைத்து, வால்வை ஸ்பிரிங்கோடு மாட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஒழுகாமல் நின்றால் தேறிவிட்டது. வால்வு தண்டு கைடுக்குள் ஆடினால் இந்த லேப்பிங் (பேஸ்ட் தேய்ப்பு) வீண். கைடு மாற்ற லேத்துக்குத்தான் போக வேண்டும்.

கிராங்க் வேலையை வீட்டில் எடுக்காதீர்கள், ஆசைக்குக்கூட. பிரஸ் போட்டுப் பிரித்து, புது ராட் ஏற்றி, மறுபடி சேர்த்தபின் இரண்டு சென்டருக்கு நடுவே சுழற்றி டயல் கேஜில் பார்க்க வேண்டும். இரும்புத் தடி வைத்து நேராக்கிய கிராங்க் நூறு கிலோமீட்டரில் புது பேரிங்கைத் தின்னும். கிராங்க்கைக் கழற்றி எடுத்துப்போவது வரை உங்கள் வேலை. அப்போது ஒரு எச்சரிக்கை: டைமிங் பக்கத்தில் பம்ப்பை ஓட்டும் வார்ம் (திருகுப் பல்) நட்டு இடது மரை. கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல எதிர்த் திசையில் நாலு பேர் தொங்கித் தண்டையே முறுக்கிவிடுகிறார்கள். கேம் வீல்களின் புள்ளிகள் எதிரெதிரே வரும்படி வைத்து, கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும்போது: போர் 70 மி.மீ., ரிங் இடைவெளி 0.28 மி.மீ. சுற்றுவட்டாரம். டேப்பட்டைக் குளிர்ந்த என்ஜினில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது வையுங்கள். புஷ் ராட் விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயிண்ட் (பிளக் தீப்பொறிக்காகத் திறந்து மூடும் மின்முனைகள்) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால், அட்வான்ஸ் முழுவதும் பின்னுக்கு இருக்கும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். பாயிண்ட்டுக்கு நடுவே மெல்லிய தாளை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே என்ஜினைச் சுற்றுங்கள், தாள் கழன்று வருகிற இடம்தான் அது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் ஃபில்டர் அறையை ஆயிலால் நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டு, ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி, அங்கே ஆயில் எட்டிப் பார்க்கும்வரை கிக் அடியுங்கள். கால் வலிக்கும். வலிக்கட்டும்.

கேள்வி: 2024 டிசம்பர் வெள்ளத்தில் தாத்தாவின் பஜாஜ் சேட்டக் ஒன்றரை நாள் தண்ணீரில் கிடந்தது. பிறகு அப்படியே ஷெட்டில் நிற்கிறது. கிக்கர் இறங்கவே இல்லை.
வாசகர், கடலூர்

பதில்: பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரைபுரண்டதில் இந்த நிலைக்கு வந்த வண்டிகள் நிறைய. மூழ்கிய அன்றே பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து ஆயில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். இப்போது பேரிங்கில் துரு குழி போட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர் வழியாக நுழையும் தண்ணீர் நேராகக் கிராங்க் பேரிங் மேல்தான் போய் உட்காரும், அதைக் காப்பாற்ற அங்கே தனியாக ஆயில் எதுவும் இல்லை. ஆகவே இந்த வண்டிக்கு முழுதாகப் பிரிப்பதுதான் வழி.

முதலில் பிடித்த பிஸ்டனை விடுவிக்க வேண்டும். பிளக் ஓட்டையில் டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி மூன்று நாள் ஊற விடுங்கள். டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். கிக்கர் மேல் ஏறி நின்று குதித்தால் கிக் கியர் பல் உதிரும்.

கேஸைப் பிரித்ததும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய சேட்டக்கில் பெட்ரோல் கலவை உள்ளே போகும் வாயைத் திறந்து மூடுவது கிராங்க்கின் வட்டமேதான். அந்த வட்டத்துக்கும் கேஸில் வாயைச் சுற்றியுள்ள தளத்துக்கும் நடுவே இடைவெளி மயிரிழைதான். வெள்ளத்து மண் அங்கே புகுந்திருக்கும். அந்தத் தளத்தில் கோடு விழுந்தால் கலவை பின்னுக்கு அடிக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும், எந்த கார்புரேட்டர் மாற்றினாலும் தீராது. உப்புத்தாளைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். டீசலும் மென்மையான பிரஷ்ஷும் மட்டும்.

பேரிங் மாற்றும்போது கேஸை அடுப்பில் வாட்டாமல், பழைய ஓவனிலோ ஹாட் ஏர் கன்னாலோ சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் "ஸ்ஸ்" என்று ஆவியாக வேண்டும். புது பேரிங் முந்தின இரவே ஃப்ரீசரில் இருந்திருந்தால் கையாலேயே உட்காரும். தட்ட வேண்டி வந்தால் கேஸுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் தட்டுங்கள், தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில். மாற்றித் தட்டினால் குண்டுகள் வளையத்தில் பள்ளம் போட்டுவிடும். பழைய பேரிங்கில் சி3 (உள்ளே சற்று அதிக இடைவெளி உள்ள ரகம்) என்று பொறித்திருந்தால் புதிதிலும் அது இருக்க வேண்டும், "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னாலும். ஆயில் சீல் எல்லாம் புதிது, பேச்சே இல்லை.

கேள்வி: பேக்கிங்கை நானே தாளில் வெட்டிப் போடலாமா? அனாபாண்ட் பசை மட்டும் தடவினால் போதாதா?
வாசகர், பண்ருட்டி

பதில்: கிளட்ச் கவருக்கு அதே கனத்தில் பேக்கிங் ஷீட் வாங்கி வெட்டலாம். பிளாக் அடியில் போடும் பேக்கிங்கை அப்படிச் செய்யாதீர்கள், கனம் மாறினால் போர்ட் உயரமும் கம்ப்ரஷனும் மாறும். கேஸ் இரண்டும் சேரும் இடத்தில் பசையை எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாகப் பூச வேண்டும். உள்பக்கம் பிதுங்கி உலர்ந்த பசை பிய்ந்துபோய் ஆயில் ஓட்டையை அடைத்த என்ஜின்கள் உண்டு.

கேள்வி: எல்லாம் புதிது போட்டு ஆர்எக்ஸைக் கட்டினேன். மூன்றாவது கிலோமீட்டரில் பிடித்துக்கொண்டது. லேத்துக்காரர் என்னைக் குறை சொல்கிறார், நான் அவரைச் சொல்கிறேன்.
வாசகர், பாகூர்

பதில்: பஞ்சாயத்தை பிஸ்டனிடம் விடுங்கள். வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நாலு இடத்தில், பின் ஓட்டைக்கு இரு பக்கமும் சமதூரத்தில் உரசல் இருந்தால், போர் இறுக்கம் அல்லது குளிர்ந்த என்ஜினை விரட்டியிருக்கிறீர்கள். முன்பக்கம், எக்ஸாஸ்ட் வாய் பக்கம் மட்டும் உருகித் தேய்ந்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடேறியிருக்கிறது. பின்பக்கமும் சேர்ந்து வறண்டு உரசியிருந்தால் ஆயில் போகவில்லை. சுற்றிலும் ஊசியால் கீறியதுபோல் நேர்க்கோடுகள் என்றால் கழுவாத ஹோனிங் பொடி.

இரண்டாவது வகைக்கு, இடது பக்க மேக்னட் சீல் வழியாகவோ கார்புரேட்டர் ரப்பர் விரிசல் வழியாகவோ காற்று புகுந்ததுதான் வழக்கமான காரணம். மாதக்கணக்கில் பிரித்துப் போட்டிருந்த வண்டி என்றால் கார்புரேட்டரையும் நோண்டுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கிண்ணத்தில் தங்கினால் ஜெட்டில் பச்சைப் பாசி மாதிரி படியும். மூன்றாவது வகைக்கு, என்ஜினுக்குத் தானாக ஆயில் கொடுக்கும் ஆட்டோலூப் பம்ப்பின் குழாயில் காற்று. ஆயில் டேங்க் நிறைய ஆயில் இருக்கும், குழாயில் ஒரு குமிழி நிற்கும், என்ஜினுக்கு ஒரு சொட்டும் போகாது. பம்ப்பின் காற்று ஸ்குரூவைத் தளர்த்திக் குமிழி இல்லாமல் ஆயில் வழியும்வரை விட்டு மூடுங்கள். எதற்கும் முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயிலைத் தனியாகவும் கலந்துவிடுங்கள். கொஞ்சம் புகையும், பரவாயில்லை.

ரிங் மாட்டும்போது பள்ளத்தில் இருக்கும் சின்ன ஆணிக்கு இரு பக்கமும் ரிங் முனைகள் வந்தனவா? பிஸ்டனின் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கிறதா? சர்க்கிளிப் புதிதா? இவற்றில் எதிலாவது நீங்கள் தவறியிருந்தால் லேத்துக்காரர் நிரபராதி.

கேள்வி: கிராங்க் கேஸ் உடைந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் பழைய கேஸ் கிடைக்கிறதாம், வாங்கலாமா? வண்டி பி.ஒய். 01 (புதுச்சேரி பதிவு).
வாசகர், லாஸ்பேட்டை

பதில்: என்ஜின் எண் பொறித்திருப்பது கேஸில்தான். வேறு எண்ணுள்ள கேஸ் போட்டால் ஆர்.சி.யில் மாற்றம் செய்ய வேண்டும், அதற்குப் போக்குவரத்து அலுவலக அனுமதியும், கேஸ் வாங்கியதற்கு முறையான பில்லும் தேவை. எண் சுரண்டிய கேஸைத் தொடவே வேண்டாம். விரிசல் என்றால் அலுமினியம் ஆர்கான் வெல்டிங் செய்து தளத்தை லேத்தில் சமன் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது எண்ணை நேரில் பார்ப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: புல்லட்டைக் கட்டி முடித்தேன், ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது! ரன்னிங்-இன் எப்படி?
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வாழ்த்துகள். முதல் தடவை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, முழுதாக ஆறியபின் ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மறுபடி டார்க் பாருங்கள். டேப்பட்டும் மாறியிருக்கும். நின்ற இடத்தில் மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள், காற்று படாமல் சூடேறும், ரிங்கும் போரில் உட்காராது. முதல் 500 கிலோமீட்டர் 50ஐத் தாண்ட வேண்டாம். ஆனால் ஒரே வேகத்திலும் ஓட்டக் கூடாது: த்ராட்டிலைக் கொஞ்சம் கொடுத்து, விட்டு, மறுபடி கொடுத்து ஓட்டுங்கள். பின்னால் ஆள் வேண்டாம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு விடியற்காலையில் போய், ஒரு காபிக்கு நிறுத்தி என்ஜினை ஆறவிட்டுத் திரும்பினால் கச்சிதமான ரன்னிங். பகலில் கிளம்பினால் தவளக்குப்பத்திலிருந்து முருங்கப்பாக்கம் வரை ஊர்ந்தே என்ஜின் கொதித்துவிடும். முதல் ஆயிலை 50 கிலோமீட்டரிலேயே வடித்து, வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மினுக்கும் பொடி வருவது இயல்பு, நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் துகள் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு எழுதுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கேனோடு கொடுத்துவிடுங்கள்.